போரில் தப்பிய நீர்மூழ்கிகள் கரையில் சாவது ஏன்? சார்ல்ஸ்டன் முதல் விசாகப்பட்டினம் வரை ஒரு துருப்பிடித்த கதை

ஒரே ஊர், ஒரே துறைமுகம், இரண்டு நீர்மூழ்கிக் கப்பல்கள். ஒன்றைக் கடலுக்கு அடியிலிருந்து தூக்கி வந்து கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பாதுகாக்கிறார்கள். இன்னொன்றை இழுத்துப் போய் உடைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்தில் இருக்கிறது சார்ல்ஸ்டன் நகரம். அங்கே ஒரு ஆய்வுக்கூடத்தில், பெரிய தொட்டிக்குள், சுமார் 12 மீட்டர் நீளமே உள்ள 'ஹன்லி' என்ற நீர்மூழ்கி இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1864-ல் மூழ்கிய இது, 136 ஆண்டுகள் கடலடியில் கிடந்து, 2000-ம் ஆண்டு ஆகஸ்ட் 8-ம் தேதி வெளியே வந்தது. இன்று வரை நிபுணர்கள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே துறைமுகத்தின் எதிர்க்கரையில், பேட்ரியாட்ஸ் பாயின்ட் அருங்காட்சியகத்தில், 1981 முதல் 'கிளாமகோர்' என்ற நீர்மூழ்கி நின்றிருந்தது. ஹன்லியைப் போல எட்டு மடங்கு நீளம். 1989-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 2022 அக்டோபரில் இழுவைப் படகுகள் வந்து கட்டி இழுத்துப் போயின. போய்ச் சேர்ந்த இடம் வர்ஜீனியா மாநிலத்தின் நார்போக் பக்கம். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால், காயலான் கடை.

தேசியச் சின்னம் என்று பட்டம் கொடுத்த கப்பலையே காப்பாற்ற முடியவில்லையா? இதில் நம்ம மாமல்லபுரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. விரிவாகப் பார்க்கலாம்.

கிளாமகோருக்கு என்னாச்சு?

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945 ஜூன் மாதம் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த கப்பல் இது. போர்முனைக்குப் போகும் முன்பே போர் முடிந்துவிட்டது. பிறகு நவீனப்படுத்தப்பட்டு, சோவியத் யூனியனுடன் பனிப்போர் நடந்த காலம் முழுக்க ஓடி, 1975-ல் ஓய்வு பெற்றது. அதே முறையில் மாற்றி அமைக்கப்பட்ட நீர்மூழ்கிகளில் கடைசியாக மிஞ்சியது இதுதான்.

மியூசியமாக மாறியதும் கூட்டம் வந்தது, குழந்தைகள் உள்ளே ஓடி விளையாடினார்கள். ஆனால் கப்பல் நின்றது உப்புத் தண்ணீரில். நாற்பது வருடம் அசையாமல் நின்ற எஃகை உப்பு என்ன செய்யுமோ அதைச் செய்தது. வெளிக்கூடு அரித்தது, தண்ணீர் கசிய ஆரம்பித்தது. செயற்கைப் பவளப்பாறை போலக் கடலில் மூழ்கடிக்கலாமா என்று ஒரு திட்டம் வந்து, அதுவும் நின்றுபோனது. அந்தக் கப்பலில் வேலை பார்த்த முன்னாள் வீரர்கள் எதிர்த்தார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். பலன் இல்லை.

கொடுமை என்னவென்றால், அதை ஒழித்துக்கட்டவே சுமார் 20 லட்சம் டாலர் தேவைப்பட்டது. அன்றைய மதிப்பில் 16 கோடி ரூபாய். உள்ளே நூற்றுக்கணக்கான பிரம்மாண்ட பேட்டரிகள். அதோடு பழைய கப்பல்களில் வழக்கமாக இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ், ஈயப் பெயின்ட் போன்ற நச்சுப் பொருட்கள். வைத்துக்கொள்ளவும் காசு, தூக்கிப் போடவும் காசு.

நீர்மூழ்கி மட்டும் ஏன் சீக்கிரம் துருப்பிடிக்கிறது?

சாதாரணக் கப்பலுக்கு உடம்பு ஒன்று. நீர்மூழ்கிக்குப் பெரும்பாலும் இரண்டு. உள்ளே, ஆழ்கடலின் அழுத்தத்தைத் தாங்கும் தடிமனான எஃகுக் கூடு. அதில்தான் ஆட்கள் இருப்பார்கள். அதைச் சுற்றி மெல்லிய தகட்டால் ஆன வெளிக்கூடு. இரண்டுக்கும் நடுவில் பாலஸ்ட் டேங்குகள். மூழ்க வேண்டுமென்றால் அதில் தண்ணீரை நிரப்புவார்கள், மேலே வர வேண்டுமென்றால் காற்றை அடித்துத் தண்ணீரை வெளியேற்றுவார்கள்.

பிரச்னை இந்த இடைவெளியில்தான். பெயின்ட் பிரஷ் போகாது, வெல்டர் புகுந்து வேலை பார்ப்பது கஷ்டம். தண்ணீர் போய் வருவதற்கென்றே கட்டப்பட்ட பகுதி என்பதால் ஈரம் அங்கேயே தங்கும். வெளியே பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்து நிற்கும் கப்பல், உள்ளுக்குள் அப்பளம் மாதிரி நொறுங்கிக்கொண்டிருக்கும். பார்வையாளருக்குத் தெரியாது. பல நேரம் நிர்வாகத்துக்கும் தெரியாது.

இதற்கு மருந்து, கப்பலைச் சில வருடங்களுக்கு ஒருமுறை டிரை டாக்குக்குக் கொண்டுபோவது. தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலை நிறுத்தி, அடிப்பாகத்தைச் சுரண்டி, ஓட்டைத் தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கும் இடம் அது. சான் பிரான்சிஸ்கோவில் நிற்கும் 'பாம்பனிட்டோ' உப்புத் தண்ணீரில்தான் மிதக்கிறது. ஆனால் அதை அவ்வப்போது டிரை டாக்குக்கு அனுப்புகிறார்கள், அதனால் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஓஹியோ மாநிலம் கிளீவ்லேண்டில் உள்ள 'காட்' கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. அது நிற்பது ஈரி ஏரியின் நன்னீரில். அதனால் சுமார் அறுபது ஆண்டுகள் டிரை டாக்கைப் பார்க்காமலே தாக்குப்பிடித்தது. 2021-ல் ஏரி வழியாகவே பென்சில்வேனியாவுக்கு இழுத்துப் போய், 10 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து அடிப்பாகத்தைச் சரி செய்து, சில வாரங்களில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

காட் நீர்மூழ்கிக்கு இன்னொரு பெருமை. 1945 ஜூலையில் தென்சீனக் கடலில் பாறைத்திட்டில் மாட்டிக்கொண்ட நெதர்லாந்து நீர்மூழ்கியின் 56 பேரையும் காப்பாற்றி ஏற்றி வந்த கப்பல் இது. பார்வையாளர்களுக்காக இதன் உடம்பில் வாசல் வெட்டவே இல்லை. போர்க்காலத்தில் மாலுமிகள் இறங்கிய அதே இரும்பு ஏணியில்தான் இன்றும் எல்லோரும் இறங்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்குச் சிரமம்தான். ஆனால் மற்ற பல நீர்மூழ்கி மியூசியங்களில் முன்னாலும் பின்னாலும் கதவு வெட்டிப் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். வசதிக்காக வெட்டிய அந்த ஓட்டை திரும்ப மூடாது.

அப்போ கரையில் ஏற்றிவிட்டால் தப்புமா?

பலர் செய்தது இதைத்தான். அலபாமா மாநிலம் மொபைலில் உள்ள 'டிரம்' 2001-ல் தரைக்கு ஏற்றப்பட்டது. டிரை டாக் செலவு மிச்சம். ஆனால் மழைத் தண்ணீர் இருக்கிறதே! மேல்தளத்தில் விழும் மழை, அந்த இடைவெளிக்குள் இறங்கித் தேங்கும். வெயிலில் தகடு கொதிக்கும், இரவில் வியர்க்கும். வருடம் முழுக்கச் சுரண்டி, பற்றவைத்து, பெயின்ட் அடிக்கும் தன்னார்வலர்கள் இருந்தால்தான் தரையில் நிற்கும் நீர்மூழ்கிகள் பிழைக்கின்றன.

கடலே இல்லாத ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு நீர்மூழ்கி இருப்பது தெரியுமா? மஸ்கோகி என்ற ஊரில் 'பேட்ஃபிஷ்'. 1945 பிப்ரவரியில் சில நாட்களுக்குள் மூன்று ஜப்பானிய நீர்மூழ்கிகளை மூழ்கடித்த கப்பல். 1972-ல் ஆற்று வழியாக இழுத்து வந்து பூங்காவில் பள்ளம் தோண்டி வைத்தார்கள். 2019 மே மாதம் ஆர்கன்சாஸ் ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது, பல வருடங்களாகத் தரையில் கிடந்த கப்பல் மிதக்கத் தொடங்கிவிட்டது. வேடிக்கையாக இருந்தாலும், கப்பல் உருண்டுவிடுமோ என்ற பயம் ஊருக்கு இருந்தது.

பிரிட்டனின் கோஸ்போர்ட்டில் உள்ள 'அலையன்ஸ்' இன்னொரு பாடம். போர் நடக்கும்போதே கட்டத் தொடங்கி 1947-ல் கடற்படையில் சேர்ந்த இந்தக் கப்பலை, கடல் தண்ணீருக்கு மேலே தாங்கிகளில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். பார்க்க அழகு. ஆனால் அடியில் தண்ணீர் என்பதால் கீழே போய்ப் பெயின்ட் அடிக்க வழியில்லை! கீழே உப்பு, மேலே பறவை எச்சம். கடைசியில் சுமார் 70 லட்சம் பவுண்டு திரட்டி, கப்பலுக்கு அடியில் நிலத்தை நிரப்பி, அரித்த தகடுகளை மாற்றி 2014-ல் மீண்டும் திறந்தார்கள். மனிதர் நின்று வேலை பார்க்க இடம் விடாமல் வைத்ததற்குக் கொடுத்த விலை இது.

கூரைக்குள் வைத்தால்?

அதுதான் சிறந்த வழி. ஆனால் எல்லோராலும் முடியாது.

சிகாகோவில் 'யு-505' என்ற ஜெர்மன் நீர்மூழ்கி இருக்கிறது. 1944 ஜூன் 4-ம் தேதி, மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அருகே அட்லாண்டிக்கில், கேப்டன் டேனியல் கேலரி தலைமையிலான அமெரிக்கப் படை இதை உயிரோடு பிடித்தது. உள்ளே ரகசியக் குறியீட்டுக்குப் பயன்படும் எனிக்மா இயந்திரங்களும் சிக்கின. போர் முடிந்ததும் வேண்டாத பொருளாகக் கிடந்த கப்பலை 1954-ல் சிகாகோவின் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். உள்ளே இருந்த கருவிகள் பல ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தன.

அருங்காட்சியகத் தலைவர் லெனாக்ஸ் லோர், அந்தக் கருவிகளைத் தயாரித்த ஜெர்மன் நிறுவனங்களுக்கே கடிதம் எழுதி, மாற்றுப் பாகம் கிடைக்குமா என்று கேட்டார். பத்து வருடத்துக்கு முன் எதிரி நாடு! ஆனால் கேட்ட பாகங்கள் இலவசமாகவே வந்து சேர்ந்தன. எங்கள் கப்பல் அங்கே நிற்பது நிற்கட்டும், ஓட்டையும் உடைசலுமாக நிற்க வேண்டாம் என்ற தன்மானம்தான் காரணம் என்று கேலரி பின்னாளில் எழுதினார்.

அப்படிப்பட்ட கப்பலும் ஐம்பது வருடம் வெட்டவெளியில் நின்று அரிக்கத் தொடங்கியது. 2004-ல் அதை நகர்த்தி, பூமிக்கு அடியில் கட்டிய குளிரூட்டப்பட்ட கூடத்துக்குள் இறக்கினார்கள். மொத்தச் செலவு சுமார் 3.5 கோடி டாலர். அன்றைய மதிப்பில் 150 கோடி ரூபாய்க்கு மேல். இனி அந்தக் கப்பலுக்கு மழையும் இல்லை, உப்பும் இல்லை.

ஹன்லி தொட்டியில் என்ன நடக்கிறது?

இப்போது சார்ல்ஸ்டனுக்குத் திரும்புவோம். 1864 பிப்ரவரி 17 இரவு, எட்டு பேர் உள்ளே இருந்து ஹன்லியை ஓட்டிப் போனார்கள். இன்ஜின் கிடையாது, கையால் சுழற்றும் நீண்ட இரும்புத் தண்டுதான். 'ஹவுசடானிக்' என்ற போர்க்கப்பலை வெடிவைத்து மூழ்கடித்தார்கள். ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்த உலகின் முதல் நீர்மூழ்கி அதுதான். ஆனால் ஹன்லியும் திரும்பவில்லை. எட்டு பேரின் எலும்புகளும் உள்ளேயே கிடைத்தன. 2004-ல் அவர்களை சார்ல்ஸ்டனில் அடக்கம் செய்தார்கள்.

கடலில் நூறு வருடத்துக்கு மேல் கிடந்த இரும்புக்குள் உப்பின் குளோரைடு ஊறிப்போயிருக்கும். தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் உள்ளிருந்தே அரிப்பு வேகமெடுக்கும். காய வைத்தால் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். அதனால்தான் ஹன்லியை சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, உள்ளே இருக்கும் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கிறார்கள். பருப்பு ஊறவைக்கிற மாதிரி ஒரு ராத்திரி வேலை இல்லை, வருடக்கணக்கு.

12 மீட்டர் கப்பலுக்குத் தொட்டி கட்டலாம். சுமார் 98 மீட்டர் கிளாமகோருக்கு எந்தத் தொட்டி? ஹன்லி உலகில் ஒன்றே ஒன்று என்பதால் பணம் வந்தது. கிளாமகோர் மாதிரி கப்பல் அமெரிக்காவில் இன்னும் பல இருக்கிறதே என்ற எண்ணமும் அதன் முடிவுக்கு ஒரு காரணம்.

யார் காசு கொடுப்பது?

இங்கேதான் முடிச்சு. அமெரிக்கக் கடற்படை பழைய கப்பலை இலவசமாகத் தரும். ஆனால் அதன் பிறகு அரசுக்கு ஒரு பைசா செலவு வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஜெர்மனியின் லாபோ கடற்கரையில் நிற்கும் யு-995 கதையும் அதேதான். நார்வே கடற்படை பயன்படுத்தி முடித்து, ஒரே ஒரு மார்க் விலைக்குத் தருகிறோம் என்றபோதும் ஜெர்மன் அரசு வாங்கவில்லை. கடற்படையினர் சங்கம் ஒன்றுதான் எடுத்துக்கொண்டது. விலை ஒரு மார்க்தான், ஆனால் பெயின்ட் டப்பா எத்தனை என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது போல.

பொறுப்பானவர்கள் விலகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூ ஜெர்சியின் 'லிங்' சாட்சி. ஹேக்கன்சாக் ஆற்றின் சேற்றில் மாட்டிக்கொண்டு நகர முடியாத கப்பல். இருந்த இடத்தை மியூசியம் காலி செய்ய வேண்டிய நிலை வந்தபோது, 2018-ல் மர்ம நபர்கள் உள்ளே புகுந்து கதவுகளைத் திறந்துவிட, கப்பலுக்குள் தண்ணீர் நிரம்பியது. போரில் இறந்தவர்களின் நினைவுப் பலகைகளும் திருடு போயின.

அந்தப் பலகைகள்தான் இத்தனை பாடுக்கும் காரணம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 52 நீர்மூழ்கிகளை இழந்தது, 3,500 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 பேரில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு திரும்பவில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கல்லறையே கிடையாது. குடும்பத்தினர் வந்து தொட்டுப் பார்க்க மிஞ்சியிருப்பது, அதே மாதிரியான இன்னொரு கப்பலின் சுவர் மட்டும்தான்.

நம்ம ஊர்ல என்ன நிலைமை?

விசாகப்பட்டினம் ஆர்.கே. கடற்கரைக்குப் போனவர்கள் ஐ.என்.எஸ். குர்சுராவைப் பார்த்திருப்பீர்கள். சோவியத் தயாரிப்பு, 91 மீட்டர் நீளம். 1969 டிசம்பரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்து, 1971 போரில் அரபிக்கடலில் ரோந்து போனது. 2001 பிப்ரவரியில் ஓய்வு. 2002 ஆகஸ்டில் மியூசியம். கடலிலிருந்து மணலுக்கு ஏற்றி, சுமார் 600 மீட்டர் நகர்த்தி இப்போதைய இடத்தில் உட்கார வைக்க 18 மாதம் பிடித்தது. செலவு சுமார் 5.5 கோடி ரூபாய்.

இது நிற்கும் கடலிலும் ஒரு நீர்மூழ்கி கிடக்கிறது. அதே 1971 டிசம்பரில் 90-க்கும் மேற்பட்டோருடன் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிய பாகிஸ்தானின் 'காஸி'. அது முதலில் 'டயப்ளோ' என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையில் இருந்த கப்பல். நமது குக்ரி போர்க்கப்பலை மூழ்கடித்த 'ஹேங்கர்' கராச்சியில் மியூசியமாக நிற்கிறது. ஒரே போரின் மூன்று நீர்மூழ்கிகள், மூன்று விதமாக.

குர்சுராவுக்கு எதிரி உப்புக்காற்று. திறந்து ஐந்து வருடத்திலேயே, 2007-ல், அரித்துப்போன வெளித்தகடுகளை மாற்ற வேண்டி வந்தது. அலைக்குச் சில அடி தூரத்தில், கூரை இல்லாமல் நிற்கும் எஃகுக்கு இது ஒருமுறை செய்து முடிக்கிற வேலை இல்லை. ஆனாலும் இருபது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், அதை நடத்தும் நகர வளர்ச்சி ஆணையமும், தொழில்நுட்ப உதவிக்குப் பக்கத்திலேயே இருக்கும் கடற்படைத் தளமும், டிக்கெட் எடுத்து வரும் கூட்டமும்.

இந்த மூன்றும் ஒன்று சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை ஐ.என்.எஸ். வாக்லி காட்டியது. குர்சுராவைப் போலவே சோவியத் தயாரிப்பு, 1974 முதல் 2010 டிசம்பர் வரை பணி. ஓய்வு பெற்றதும் மாமல்லபுரத்தில் கடல்சார் அருங்காட்சியகமாக வைக்கத் தமிழக அரசு திட்டமிட்டது. பல்லவர் கால கடற்கரைக் கோயில் ஊரில் நீர்மூழ்கி என்று பேச்சு பரபரப்பாக இருந்தது. திட்டம் நிறைவேறவே இல்லை. வாக்லிக்கு கிளாமகோரைப் போல ஒரு வழியனுப்பு விழாகூட நம் நினைவில் இல்லை.

இப்போது அடுத்த தலைமுறை ஓய்வு பெறத் தொடங்கிவிட்டது. ஐ.என்.எஸ். சிந்துத்வஜ் 35 ஆண்டுப் பணிக்குப் பிறகு 2022 ஜூலையில் விடைபெற்றது. அதே வகுப்பின் மற்றவையும் வயதானவைதான். எந்த மாநிலமாவது "எங்களுக்கு ஒன்று வேண்டும்" என்று கேட்கும்போது, எங்கே நிறுத்துவது என்று கேட்பதோடு, பத்தாவது வருடம் பெயின்ட் அடிக்கும் பணம் எந்தத் துறையின் பட்ஜெட்டில் வரும் என்பதையும் முதல் நாளே எழுதி வாங்கினால் நல்லது.

குர்சுராவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே வழிகாட்டுபவர்கள் ஓய்வு பெற்ற கடற்படையினர், அவர்களிடம் கேள்வி கேளுங்கள். உயரமானவர்கள் ஒவ்வொரு வட்டக் கதவிலும் தலையைக் குனிந்துகொள்ளுங்கள். வெளியே வந்ததும் ஒரு நிமிடம் கப்பலின் அடிப்பக்கம் போய், பெயின்ட் உரிந்த இடம் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள்.